பதினோராவது கார்ட்டூன்

காலை எட்டு மணிக்குள் அந்தப் படம் சம்சுன்னிசாவின் கைப்பேசிக்கு ஒன்பது பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒன்பதாவதாக அனுப்பியவர் பல் டாக்டர். கீழே மூன்று சிரிப்பு முகங்கள், அதற்கும் கீழே 'பாவம் லாத்தா' என்று ஒரு வரி. சிரித்தால் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே, பாவம் எதற்கு என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தில், வாடகைக் காரின் பின் இருக்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு பர்தா போட்ட ஒரு பெண் வாயைப் பிளந்து தூங்கினாள். மடியில் பலகாரப் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே பளபளவென்று தூத்துக்குடியின் புது விமான நிலையம். அதன் ஓடுபாதையில் இரண்டு வெள்ளாடுகள் கழுத்தில் பாஸ்போர்ட்டைக் கட்டிக்கொண்டு மேய்ந்தன. 'எங்கள் ஊர் சர்வதேச விமான நிலையம். தாண்டிப் போனால் நாலரை மணி நேரத்தில் திருவனந்தபுரம்' என்று எழுதியிருந்தது. காயல்பட்டினத்திலிருந்து திருவனந்தபுரம் போகிற எந்தக் காரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அது வரைந்தவனுக்கும் தெரியும். தெரிந்தும் வரைந்திருந்தான்.

வரைந்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி சேக். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கத் தெரியாமல், தூத்துக்குடியிலிருந்து வரும் ஒரு சின்ன மாலைப் பத்திரிகைக்கு வாரம் ஒரு கார்ட்டூன் போட ஆரம்பித்தான். கட்டடம் வந்தது, விளக்கு வந்தது, வளைகுடா விமானம் மட்டும் இன்னும் வரவில்லை என்று ஊரே குறைபட்டுக்கொண்டிருந்ததால் அவனுக்கு விஷயப் பஞ்சமே இல்லை. முத்திரை குத்த ஆள் கிடைக்காமல் தன் நெற்றியிலேயே குத்திக்கொள்ளும் அதிகாரி, சூட்கேஸ் வரும் பெல்ட்டில் காயும் கருவாடு என்று போட்டுக்கொண்டே வந்தவன், ஐந்தாவது படத்தில் 'லாத்தா'வை, அதாவது தன் அக்காவை, கொண்டுவந்து உட்கார வைத்தான். அதே மூக்கு, அதே கண்ணாடி. ஊரில் யாரும் யாரென்று கேட்கவில்லை. இன்று வந்தது பதினோராவது.

உண்மையில் அவனுக்கு விஷயத்தை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். மகன் அஃப்ஸல் துபாயிலிருந்து வரும்போதெல்லாம் அழைத்துவர திருவனந்தபுரம் போவாள். போய்விட்டு வந்து ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லியே புலம்புவாள். கால் வீங்கிவிட்டது, இடுப்பு கழன்றுவிட்டது, தக்கலையில் நெரிசலில் மாட்டி உயிர் போய்விட்டது. கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். சேக் மட்டும் உச்சுக்கொட்டுவதோடு நிற்காமல் பேனாவை எடுத்துவிட்டான்.

பத்து மணிக்கு அஃப்ஸல் கூப்பிட்டான்.

"உம்மா, டிக்கெட்ட மாத்திட்டேன். துபாய்ல இருந்து சென்னை, அங்கன இருந்து நம்ம ஊருக்கே ஃப்ளைட். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு எறங்கிருவேன். நவாஸ் மச்சான் வண்டி கொண்டு வாராஹ. நீங்க அலையாண்டாம்."

"நான் அலையுறேன்னு உங்கிட்ட யாரு சொன்னா?"

"மாமா போட்ட படம் ரூம்ல எல்லாத்துக்கும் வந்துருச்சி. பெத்தவள இப்படியாலே போட்டு அலைக்கழிப்பன்னு கேக்கானுவ. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிடலாம் போல இருக்கு."

அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான். சம்சுன்னிசா கைப்பேசியைக் கையில் வைத்தபடியே அடுப்படியில் நின்றாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் துடைக்கவில்லை.

காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அவள் கணவரும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தார், இங்கேயே மவுத்தானார். சேக்கும் இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டில்தான் இருக்கிறான். அஃப்ஸல் ஊருக்கு வந்தால் இறங்குவது மனைவி ருமைஸாவின் வீட்டில். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ருமைஸா தங்கமான பெண். ஆனால் ஒரு மாத லீவில் தாய் வீட்டுக்கு அவன் வருவது சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு, ஒரு கிளாஸ் டீக்கு. அதிலும் பாதி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூடப் பிள்ளைகள் வருவார்கள், பார்க்க வந்தவர்கள் வருவார்கள். 'சாப்பிட்டியா' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்பான். அவ்வளவுதான் பேச்சு.

காரில்தான் அவன் பேசுவான். நாகர்கோவில் தாண்டும்வரை ஊர் விஷயம். அதற்குப் பிறகு அவனாகவே ஆரம்பிப்பான். இரண்டு மாதம் வேலை போய், ஒருவரிடமும் சொல்லாமல், பகல் முழுக்க ஒரு வணிக வளாகத்தின் குளிரில் உட்கார்ந்திருந்ததை காவல்கிணறு பக்கத்தில் வைத்துத்தான் சொன்னான். ருமைஸாவுக்கு அது இன்றைக்கும் தெரியாது. கைக்குழந்தைக்காரி எதற்கு அலைய வேண்டும், நான் போய்க் கூட்டிவருகிறேன் என்று முதல் தடவை சொல்லி அந்தப் பயணத்தைத் தனக்கென்று வாங்கிக்கொண்டவள் சம்சுன்னிசா. குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை. சந்தோஷமாகப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் அடுத்த தடவை மருமகளும் ஏறிக்கொள்வாளோ என்று பயந்துதான் அத்தனை புலம்பலும். புலம்பலில் கொஞ்சம் அளவு மீறிவிட்டாள்.

சேக் வந்தான். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"லாத்தா, பாத்தீஹளா? ரெண்டாயிரம் பேரு ஷேர் பண்ணிட்டாஹ. அஃப்ஸலும் இங்கனதான் எறங்குறானாமே? ரெண்டரை மாசம் நான் கத்துனது வீண் போவல."

"ஒன்ன யாருலே கத்தச் சொன்னா?"

அவன் நாற்காலியில் பாதி உட்கார்ந்தபடி நின்றான். "நீங்கதானே சொன்னீஹ. காலு வீங்குதுன்னு."

"சொன்னேன். வீங்குனா எங்காலு வீங்கிட்டுப் போவுது! ஊருல வேற காலே இல்லியா ஒனக்கு? வாயப் பொளந்து தூங்குறாளாம்! அந்த வண்டியில நான் ஒரு நாளு கண்ண மூடிருப்பனா? கேளு அந்த டிரைவர் செந்திலுகிட்ட."

"கோவப்படாதீஹ. படத்துக்காவ..."

"நாலரை மணி நேரம்லே சேக்கு. வருசத்துல எனக்கு அவன் கெடைக்கது அவ்வளவுதான். அதையும் வரஞ்சே புடுங்கிட்ட."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை, பால் கருகிய நாற்றத்துக்கு நடுவே நின்று சொல்லிவிட்டாள். சேக் அடுப்புத் துணியை எடுத்து, பொங்கி வழிந்திருந்த பாலை அவனே துடைத்தான். டீ குடிக்காமல் போனான். அடுத்த வாரம் பத்திரிகையில் கார்ட்டூன் வரும் இடத்தில் மூலநோய் மருந்துக்கு விளம்பரம் போட்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலையில், வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட சம்சுன்னிசா ஒன்பதரை மணிக்கே விமான நிலைய வாசலில் நின்றாள். எப்போதும் திருவனந்தபுரத்துக்கு ஓட்டுகிற சாத்தான்குளத்துச் செந்தில்முருகனைத்தான் கூப்பிட்டிருந்தாள். இடம் பளிச்சென்று இருந்தது. ஆட்டைக் காணோம். வழியனுப்ப வந்த ஒரு பெண் அவளை இரண்டு தடவை சுற்றி வந்து, "அம்மா, நீங்கதான அந்தப் பேப்பர்ல வர்ற லாத்தா? ஒரு செல்ஃபி எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

"அது என் தங்கச்சி" என்றாள் சம்சுன்னிசா. அவளுக்குத் தங்கச்சி கிடையாது.

ருமைஸாவின் அண்ணன் நவாஸ் வந்து சலாம் சொன்னான். "நீங்க ஏன் மாமி சிரமப்பட்டுக்கிட்டு?" என்று அவனும் கேட்டான். அவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டிருந்தது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஃப்ஸல் வெளியே வந்தான். போன வருஷத்தைவிட மெலிந்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றான். "வராண்டாம்னு சொன்னேன்லம்மா" என்றான். ஆனால் பெட்டிகளை நவாஸின் வண்டியில் ஏற்றியதும், "நான் உம்மா கூட வாறேன் மச்சான், நீங்க முன்னால போங்க" என்று வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

முக்கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் ஐம்பது நிமிஷம் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முகம் கழுவி, சாப்பிட்டு, பிள்ளை ஆமிரா மடியில் ஏறி, சாயங்காலம் அவன் டீக்கு வரும்போது 'சாப்பிட்டியா' என்று கேட்க வேண்டியதுதான். அவளுக்கு விமானத்தின் மேலும் கோபம் வந்தது, புதிதாகப் போட்ட ரோட்டின் மேலும் கோபம் வந்தது.

நவாஸின் வண்டி பெரிய ரோட்டில் ஏறி மறைந்ததும் சொன்னாள். "செந்திலு, நேர் ரோட்டுல போவாத. உங்க ஊரு வழியா போ."

"சாத்தான்குளம் வழியாவா? அம்மா, அது ஊரச் சுத்திப் போறதுல்லா? ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிரும்."

"எனக்குத் தெரியும். போ."

அஃப்ஸல் திரும்பி அவளைப் பார்த்தான். பனங்கற்கண்டு வாங்கவேண்டும் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தாள். அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. அதற்குள் அவன் கைப்பேசி அடித்தது.

"எறங்கிட்டேன் ருமைஸா. நல்லாருக்கேன். ஆமா, உம்மாவும் வந்துருக்காஹ." அவன் நிமிர்ந்து முன்கண்ணாடி வழியாகப் பார்த்தான். ரோடு கழுவிவிட்டதுபோல் கிடந்தது. இரண்டு பக்கமும் உடைமரம், ஒரு ஈ காக்கை இல்லை. "இங்கன ரோட்டு வேல நடக்குது. பூராத் தோண்டிப் போட்டுருக்கானுவ. சுத்தித்தான் வரணும். லேட்டாவும், நீங்க சாப்புட்டுருங்க."

முக்கால் மணி நேரத்தில் நவாஸ் வீட்டுக்குப் போய், ரோடு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்லப் போகிறான். அது இவனுக்குத் தெரியாதா என்ன? சம்சுன்னிசா மகனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடி கலங்கியது.

அஃப்ஸல் கைப்பேசியை அணைத்து இருக்கையில் கவிழ்த்து வைத்தான். குனிந்து ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றினான். காலைத் தூக்கி மேலே வைத்துச் சம்மணம் போட்டு, அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான்.

செந்தில்முருகன் யாரும் சொல்லாமலே வண்டியை முப்பதுக்கு இறக்கினான். பின்னால் வந்த ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கண்டக்டர் வெளியே தலையை நீட்டித் திட்ட, அவர்களை முந்திக்கொண்டு போயிற்று.