தேசப்பன் முதலாளியின் வயரில்லா மவுஸ்

ராபினுக்குக் கை சும்மா இருக்காது. ஆயுதபூஜை முடிந்து, கும்மிடிப்பூண்டி வார்ப்படக் கம்பெனி ஆட்களெல்லாம் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இவன் மட்டும் ஆபீஸில் தங்கி, கீபோர்டைத் தட்டி முதலாளியின் கம்ப்யூட்டரில் புதுக் கர்னலை ஏற்றினான். கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் மென்பொருளுக்குக் கர்னல்தான் உயிர்நாடி. நன்றாக ஓடுவதை ஏன்டா நோண்டுகிறாய் என்று கேட்க அங்கே ஒரு நாதியில்லை.

லீவு முடிந்து வந்து பார்த்தால் முதலாளியின் மவுஸ் அசையவில்லை.

சாதா மவுஸா அது? மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புளூடூத் மவுஸ். நீள மேஜையின் ஒரு கோடியில் அமர்ந்து அதை உருட்டி, மறுகோடிச் சுவரில் டிராயிங் காட்டுவதில் தேசப்பன் முதலாளிக்கு அப்படியொரு பெருமை. அன்றைக்குப் பார்த்து, ஆர்டர் பேசப் புனேயிலிருந்து பெரிய பார்ட்டி வருகிறது.

"லினக்ஸ்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னவன் நீ. பார்ட்டி முன்னாடி என் மானம் போச்சுன்னா, அந்த லினக்ஸத் தூக்கிக் கடாசிட்டு உன்ன எளாவூர் யார்டுக்கு அனுப்பிடுவேன். வெயில்ல நின்னு லாரி எண்ணிக்கினு கெட," என்றார்.

எளாவூர் யார்டில் ஒரு ஃபேன்கூடக் கிடையாது.

ராபின் பழைய கர்னலுக்கே திரும்பிப் பார்த்தான். மவுஸோடு இருந்த புளூடூத் ஜோடியைக் கம்ப்யூட்டர் அடியோடு மறந்திருந்தது. புதிதாகத் தேடச் சொன்னான். நாஷ்டா நேரம், பட்டறையில் அத்தனை பேரும் போனுக்குப் போன் புளூடூத்தில் பாட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். திரையில் 'மணவாள நகர் மன்மதன்', 'தொட்டா ஷாக்' என்று அவர்கள் போன்களுக்கு வைத்த பேர்கள் வரிசையாக வந்ததே தவிர, மவுஸ் வரவில்லை. பேரில்லாத ஒன்று தெரிந்தது. இதுதான் என்று, ஜோடி சேர்க்கும் எண்ணாக நான்கு சைபரைத் தட்டினான்.

"டேய், எவன்டா என் போன் உள்ள பூர்றது?" என்று ஸ்டோர்கீப்பர் சுப்பராயன் அலறினார்.

மிச்சமிருந்தது ஒரே வழி, மவுஸின் அடியிலிருக்கும் பொத்தானை அமுக்குவது. புரட்டினான். அட கர்த்தரே! அடிப்பக்கம் முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். மேலே வைத்தால் கறையாகும் என்று, பூஜையன்று முதலாளியே தன் கையால் அடியில் அப்பியிருக்கிறார். பொத்தானும் போச்சு, அசைவைப் பார்க்கும் விளக்குக் கண்ணும் போச்சு. குண்டூசியால் சுரண்டி எடுத்து அமுக்கினான். சிவப்பு விளக்கு கண்ணைத் திறந்தது. ஜோடி சேர்ந்தது. திரையில் அம்பு குடுகுடுவென்று ஓடியது.

பார்ட்டி வந்தார்கள், பார்த்தார்கள், ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ராபினுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. முதலாளி சந்தோஷம் தாங்காமல் மவுஸைத் தூக்கிக் கண்ணில் ஒற்றப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடா இது, பொட்டக் காணோம்? பூஜைல வெச்சத எவன் அழிச்சது?"

உள்ளதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பயந்தவன் வாயில் அது வருமா?

"நான் இல்ல சார். புதுக் கர்னல் ஏத்துனேன்... அதுல அழிஞ்சிருக்கும்."

முதலாளி கம்ப்யூட்டரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"சாமிப் பொட்டையே அழிக்குதா? அந்த லினக்ஸ் எழவ இப்பவே தூக்கு, முன்னாடி இருந்ததையே போடு. காலைல எளாவூருக்கு நம்ம லாரி போவுது. நீயும் ஏறிக்க."