அந்த வார்த்தை செல்லுமா?

முதல் மணி அடித்தாகிவிட்டது. ஆலயம் நிரம்பிவிட்டது. அங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டிய போதகரோ பக்கத்து அறையில் நாற்காலியில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரே இடுப்பில் கைவைத்து நின்றாள் விசிலம்மா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறுதான். பேருந்து டெப்போவில் நேரக் காப்பாளர் வேலை. அவள் ஒரு விசில் ஊதினால் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிற ஓட்டுநர்கூட வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுப்பார். அந்த லுத்தரன் சபை அவளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

"ஐயா, எழுந்திரிங்க. ஜனம் காத்துக்கிட்டிருக்கு."

"முடியலம்மா."

"காய்ச்சலா?"

"இல்ல. முடியல, அவ்வளவுதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்கன் ஒலித்தது. வாசிப்பது அவள் கணவர். ஆரம்ப ராகத்தை முடித்துவிட்டு, போதகரைக் காணாமல், மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். வீட்டில் நடப்பதுபோலவே இங்கேயும் அவள் நிறுத்தச் சொல்லும்வரை மனிதர் நிறுத்த மாட்டார்.

விசிலம்மாவுக்குச் சுரீரென்று ஏறியது. போன புதன்கிழமை சபைச் சங்கக் கூட்டத்தில்தான் இவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தாள். வீடு சந்திப்பு குறைந்துபோச்சு, ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, வாலிபர் கூட்டத்தில் தூங்கி வழிகிறீர்கள். அத்தோடு விட்டாளா? மாலை ஆராதனை ஒன்றையும் அவர் தலையில் கட்டினாள். சங்கத்தார் எல்லாரும் தலையாட்டினார்கள். அவரும் "சரிம்மா" என்றார். அந்த மனுஷன் என்றைக்கு வேறு பதில் சொன்னார்! கல்யாணமா, சாவா, மாமியார் மருமகள் சண்டையா, கூரை ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் ஐயாவைக் கூப்பிடு. கூப்பிட்டவர்களில் ஒருவராவது, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்டதுண்டா? கிடையாது.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெல்டர் பெரியவருக்கு ரொம்ப முடியலன்னு மகன் போன் பண்ணான். சாகறதுக்கு முன்னாடி நற்கருணை அப்பம் வாங்கணும்னு கேக்கறார்னான். உடனே கிளம்பிப் போனேன். அவங்க தெருமுனைல காரை நிறுத்தினேன். கதவைத் திறக்கணும்மா, அவ்வளவுதான். திறக்க முடியல. கை வரல. இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

வெல்டர் நேற்று விடிவதற்குள் போய்விட்டார். இன்று மாலை அடக்கம். அவர் குடும்பம் மொத்தமும் உள்ளே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"பாதி வழில வண்டி நின்னுபோச்சுன்னு."

சாகக் கிடக்கிற மனுஷன் பத்து நிமிஷம் கேட்டால் கொடுக்க முடியாத போதகர் எதற்கய்யா? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் முழங்காலின் மேலிருந்த அவர் கைகளைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. டெப்போவில் ஒரு ஓட்டுநர் இப்படி வந்து நின்றால் ஒரு பேச்சு பேசாமல் வண்டியிலிருந்து இறக்கிவிடுவாள். வீட்டுக்குப் போ, தூங்கு என்பாள். இவருக்கோ கூடுதலாக ஒரு வண்டியை ஓட்டக் கொடுத்திருக்கிறாள். அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திராமல் வெல்டரின் மகன் உள்ளே வந்தான். லாரி ஓட்டுகிறவன், நல்ல ஆஜானுபாகு. அவன் வந்து நின்றதும் அறையே சின்னதாகிவிட்டது. கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஐயா, வண்டி பாதி வழில நின்னுச்சுன்னு சொன்னீங்க. எங்க தெருமுனைல உங்க கார் ரொம்ப நேரம் நின்னதை என் பொண்ணு பாத்திருக்கா. உள்ள நீங்க இருந்தீங்களாம். அப்புறம் நல்லாத்தான் கிளம்பிப் போச்சாம். என்னய்யா இது?"

விசிலம்மாவின் மூளை வேலை செய்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அங்கதான் நின்னுபோச்சு, நான்தான் டெப்போலேர்ந்து ஆள் அனுப்பிச் சரிபண்ணேன்.' அவள் சொன்னால் இவன் நம்புவான். சபை நம்பும். போதகரின் மானமும் தப்பும், வேலையும் தப்பும். அவள் வாயைத் திறந்தாள்.

"வேணாம்மா," என்றார் போதகர். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு தலை நிமிராமலே, ஒன்றையும் மறைக்காமல் அவனிடம் சொன்னார். கார், கதவு, கை வராதது, பொய், எல்லாம்.

அவன் ஓர் அடி முன்னால் வைத்தான். விசிலம்மா குறுக்கே போய் நின்றாள். அவள் தலை அவன் மார்புக்குக்கூட எட்டவில்லை.

"எதுவா இருந்தாலும் முதல்ல என்னைக் கேளு. இவரைச் சக்கையாப் பிழிஞ்சதே நாங்கதான்."

"தள்ளுங்கக்கா. அடிக்க வரல." அவன் குரல் உடைந்தது. "அப்பா ராத்திரி முழுக்க, ஐயா வந்துட்டாரா, ஐயா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தார். தன் தம்பியோட பேசாமலே இருந்து, தம்பி சாவுக்கும் போகாம விட்டாரில்ல? அதைச் சொல்லிச் சொல்லி அழுதார். என்னால பாக்க முடியல. கடைசில நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னே?" என்றார் போதகர்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றது. உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டதுன்னு. அப்பா தலைல கை வெச்சு." அவன் தரையைப் பார்த்தான். "நான் குடிக்கிறவன். கோயில் பக்கம் வந்தே ரொம்ப நாளாச்சு. அப்பா அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திட்டார். நிம்மதியாக் கண்ணை மூடினார். எனக்குத்தான் பொட்டுத் தூக்கம் இல்ல. பெத்த அப்பனைக் கடைசி நேரத்துல ஏமாத்திட்டேனா? சண்டை போட வரலய்யா. நான் சொன்னது செல்லுமா, செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்க."

போதகர் நிமிர்ந்தார். அன்று காலையில் அவர் யார் முகத்தையும் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"செல்லும்."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமாச் செல்லும். வாய்தான் உன்னோடது, வார்த்தை கடவுளோடது. நம்ம சபை சொல்லிக்கொடுக்கறதே அதுதான். நானே வந்து சொல்லியிருந்தாலும் இதைவிடக் கூடுதலா ஒண்ணும் ஆகியிருக்காது."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். விசிலம்மா அவன் முதுகில் கைவைத்தாள்.

அழுகை ஓய்ந்ததும் போதகர் மெல்லச் சொன்னார். "தம்பி, இதைக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. வாரா வாரம் எல்லாருக்கும் அந்த வார்த்தையைச் சொல்றேன். என் முகத்தைப் பாத்து யாரும் சொன்னதில்ல. நீ சொல்வியா?"

அவன் முகம் இறுகியது.

"எங்கப்பா ராத்திரி முழுக்க வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தார்யா."

சொல்லிவிட்டுக் கதவை நோக்கிப் போனான். தாழ்ப்பாளில் கைவைத்தான். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை. தயவுசெய்து போய்விடாதே என்று விசிலம்மா உள்ளுக்குள் கெஞ்சினாள். யாரையும் கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை.

அவன் திரும்பி விறுவிறுவென்று வந்தான். போதகரின் தலையில் கையைத் தொப்பென்று வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகத் துப்புகிற மாதிரி சொன்னான்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி பேரால, உன் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டது."

சூடு பட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான்.

"மனசு வந்து சொல்லல. உங்க மேல கோவம் அப்படியே இருக்கு, ஒரு இம்மிகூடக் குறையல. இப்ப சொன்னது செல்லுமா?"

போதகர் குனிந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். அவன் விசிலம்மாவைப் பார்த்தான். வேதபாட வகுப்பில்கூட யார் தாமதம் என்று கேட்பதைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காதவள் அவள். யாரைக் கேட்டுவிட்டுச் சொல்வது? கேட்க வேண்டியவர் எதிரே அழுதுகொண்டிருக்கிறார்.

"செல்லும்," என்றாள். "உன் மனசை நம்பியா அது இருக்கு? உன் கோவம் தீர்றப்போ தீரட்டும். இது செல்லும்."

அவன் தலையாட்டினான். போதகரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். ஆணியில் தொங்கிய அங்கியைப் போதகர் பார்த்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும்," என்றாள் விசிலம்மா. "இன்னைக்கு நீங்க பெஞ்சில உக்காரப் போறீங்க. இவன் பக்கத்துல."

"ஜனத்துக்கிட்ட என்னம்மா சொல்வீங்க?"

"உள்ளதைச் சொல்வேன். ஐயாவைப் பாத்துக்க வேண்டிய நாங்க பாத்துக்கலன்னு சொல்வேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்து சொல்ற பாவ அறிக்கையை நான் வாசிக்கிறேன். இன்னைக்கு அதை முதல்ல சொல்ல வேண்டியவ நான்தான்."