உட்காராத மூலை

ராஜபாளையத்தில் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் கடையும் பட்டறை ஒன்றில் ஹெப்சிபாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. அவள் கண் படாமல் ஒரு சாமானும் வாசலைத் தாண்டாது. அதே பட்டறையில் எட்டு வருடம், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தை வெட்டும் சிஎன்சி மிஷினுக்குப் புரோகிராம் எழுதியவள் பாண்டிசெல்வி. மதியச் சோற்றை இருவரும் ஒன்றாகத்தான் பிரிப்பார்கள்.

போன வருடம் பாண்டிசெல்வி வேலையை விட்டுவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் தன் வீட்டு மாடியறையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கீபோர்டு செய்யப்போவதாகச் சொன்னாள். கடையில் தொங்குகிற பிளாஸ்டிக் பலகை இல்லை. அலுமினியத்தில் குடைந்த கேஸ் என்கிற கூடு, அதற்குள் உட்காரும் பித்தளை பிளேட், சர்க்யூட் போர்டு, திருகாணி எல்லாம் தனித்தனியாக ஒரு பெட்டியில் வரும். வாங்குகிறவர் ஒவ்வொரு எழுத்துக்கட்டைக்கும் அடியில் தனக்குப் பிடித்த ஸ்விட்சைப் போட்டுத் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். இதற்கென்றே பைத்தியமாக அலைகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது ஹெப்சிபா முதலில் நம்பவில்லை.

முதல் சாம்பிளைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள் பாண்டிசெல்வி. ஹெப்சிபா ஒரு வாரம் வைத்திருந்து இரண்டு தாள் எழுதிக் கொடுத்தாள். பதினோரு குறை. ஒன்றுகூடப் பொய்யில்லை. பாண்டிசெல்வி படித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தாள்.

"சரிட்டி, வாரேன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனே இல்லை.

அந்த இரண்டு மாதமும் ஹெப்சிபாவுக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்சம் பார்த்து எழுதியிருக்கலாமோ, ஐந்தோடு நிறுத்தியிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டது. பட்டறையில் எல்லாரும் அவளை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அவள் வருகிறாள் என்றால் பேச்சை நிறுத்துவார்கள். பேச்சை நிறுத்தாத ஒரே ஆள் பாண்டிசெல்விதான்.

ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது.

"அலுமினியச் சாம்பிள் வந்துட்டு. நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் பஸ் ஏறி வா. நீ பாத்துச் சரின்னு சொன்னாத்தான் மிஷின்காரங்கள நாப்பது கேஸையும் வெட்டச் சொல்லுவேன்." பிறகு சிரித்தாள். "இந்தத் தடவையாச்சும் மனசு நோகாமச் சொல்லுட்டி."

ஹெப்சிபா போனாள். மேஜைமேல் கனமான கண்ணாடி போட்டு அதில் கேஸை வைத்திருந்தாள் பாண்டிசெல்வி. கரும்பச்சை நிறம். ஓரங்களில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள் ஹெப்சிபா. பிசிறு இல்லை. திருகாணிகள் வெண்ணெயில் போவது போல இறங்கின. பிளேட் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்விட்ச் நாலைப் போட்டு அழுத்தினால் மழை பெய்து ஓய்ந்தபின் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். வேலை என்றால் இது வேலை.

"காப்பி போட்டுட்டு வாரேன்" என்று பாண்டிசெல்வி கீழே இறங்கினாள்.

அப்போதுதான் ஹெப்சிபா வலது மேல் மூலையை விரலால் அழுத்தினாள். டக். விட்டாள். மறுபடி டக். கைப்பையில் இருந்த ஃபீலர் கேஜை எடுத்தாள். இடைவெளி பார்ப்பதற்கான மெல்லிய எஃகுத் தகடுகள் அதில் இருக்கும். பாயிண்ட் மூன்று மில்லிமீட்டர் தகடு மூலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. ஏன் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. ஒரே பிடியில் இறுக்கிக் குடைந்திருக்கிறார்கள்; பிடியைத் தளர்த்தியதும் அலுமினியம் முறுக்கிக்கொண்டது. கடைசி வெட்டுக்கு முன்னால் ஒருமுறை கழற்றி மாட்டச் சொன்னால் போதும், ஒரு வரி விஷயம்.

படியில் காலடி கேட்டது. தகட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எப்படிட்டி இருக்கு?" டம்ளரை நீட்டியபடி நின்றாள் பாண்டிசெல்வி. அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும் ஹெப்சிபாவின் நாக்கு புரண்டுவிட்டது.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல. வெட்டச் சொல்லு."

பாண்டிசெல்வி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது, அடியில் ரப்பர் ஒட்டத்தானே போகிறார்கள், அது சரிக்கட்டிவிடும் என்று ஹெப்சிபா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்கே சொன்னாலும் பொய் பொய்தான்.

ரப்பர் சரிக்கட்டவில்லை. ஐப்பசியில் நாற்பது பெட்டியும் போய்ச் சேர்ந்தன. ஒரு வாரத்திலேயே வாங்கியவர்கள் வீடியோ போட ஆரம்பித்தார்கள். மூலையை ஒரு விரல் அழுத்துகிறது, டக், டக். மின்சாரம் பாய்ச்சும் ஆனோடைசிங் முறையில் நிறம் ஏற்றியாகிவிட்டதால் மறுபடி இழைக்கவும் வழியில்லை, இழைத்தால் நிறம் போய்விடும்.

பாண்டிசெல்வி கூப்பிட, ஹெப்சிபா போனாள். திரும்பி வந்த பதினெட்டுக் கேஸ்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. பாண்டிசெல்வி அழுதிருப்பாள் போல, கண் வீங்கியிருந்தது.

"அந்தச் சாம்பிளையும் இப்பத்தான் எடுத்து வச்சுப் பாத்தேன். அதுவும் ஆடுது. உனக்கு எப்படிட்டி தப்புச்சு?"

"தப்பல" என்றாள் ஹெப்சிபா. "தகடு போட்டுப் பாத்தேன். பாயிண்ட் மூணு. நீ காப்பி போடப் போயிருந்த."

பாண்டிசெல்வி சாம்பிளை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள்.

"பொறவு ஏன் சொல்லல?"

"முந்தி சொன்னதுக்கு ரெண்டு மாசம் நீ பேசல."

"கோவம் இருந்துச்சு, பேசல. ஆனா அந்தப் பதினோரு கொறையையும் ஒண்ணு விடாமச் சரி பண்ணிட்டுத்தானட்டி உன்னக் கூப்பிட்டேன்? அந்தத் தாளு இந்தா, செவுத்துலதான ஒட்டியிருக்கு. நீ பாக்கவே இல்லையா?"

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். மேஜைக்கு நேர் மேலே அவள் கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்டாள். பாண்டிசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து பதினெட்டுக் கேஸையும் அளந்தார்கள். எந்த மூலைக்கு எவ்வளவு தடிமனில் ரப்பர் வேண்டும் என்று ஹெப்சிபா எண்ணைச் சொன்னாள். பாண்டிசெல்வி எழுதினாள். எண்களைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஹெப்சிபா கிளம்பும்போது வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்றாள். இத்தனை வருடத்தில் ஹெப்சிபாவை அவள் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான்.

பாண்டிசெல்வி எதையும் மறைக்கவில்லை. நாற்பது பேருக்கும் நடந்ததை எழுதினாள், தன் தவறு என்றே எழுதினாள். ஹெப்சிபா பேர் அதில் இல்லை. அது இன்னும் சுட்டது. ஹெப்சிபா போன் செய்தபோதெல்லாம் எடுத்துப் பேசினாள்; நன்றாக இருக்கிறேன் என்றாள்; தானாக ஒருமுறையும் கூப்பிடவில்லை.

பங்குனியில் ஒருநாள் போர்மேன் சாம்சன் செல்போனை நீட்டிக்கொண்டு ஹெப்சிபாவின் மேஜைக்கு வந்தார்.

"நம்ம பாண்டிசெல்வி ரெண்டாவது லாட்டு போட்டுட்டாளாம்ல? அம்புட்டும் சுத்தமா இருக்குன்னு வாங்குனவங்க எழுதுதாங்க. தரம் பாக்க யாரோ சிவகாசிக்காரர வச்சிருக்காளாம். நீ இருக்கும்போது அவ ஏன் வெளியாளத் தேடிப் போனா?"

ஹெப்சிபா கையில் இருந்த சாமானைக் கீழே வைக்கவில்லை.

"எனக்கு நேரமில்லண்ணே. நான்தான் முடியாதுன்னுட்டேன்."

சாம்சன் அதை நம்பிக்கொண்டு போய்விட்டார்.