தலைப்பாகை கட்டிய ரெய்னியர்

பதினோரு வருஷமாக வராத மனுஷனுக்குப் பதிலாக ரோமாபுரியிலிருந்து அவன் படம் வந்தது. பெட்டியை அத்தைதான் திறந்தாள். எனக்கு எழுந்து போய்ப் பார்க்கவும் தெம்பில்லை. ஹார்லெம் ஊரில் என்னைக் 'காத்திருக்கிற மாக்டெல்ட்' என்றுதான் சொல்வார்கள். முப்பத்துமூன்று வயதில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

அத்தை என்றால் ரெய்னியரின் அம்மா. என் அப்பாவின் ஓவியப் பட்டறையில் வேலை கற்றவன் ரெய்னியர். எங்களுக்கு நிச்சயம் செய்த மறுமாதமே, ஒரு வருஷத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிப் போனான். அப்பா இறந்ததும் நான் அத்தையோடு வந்து ஒண்டிக்கொண்டேன்.

"வந்து பாருடி, எம்புள்ள எப்பிடி நிக்கிறான்னு!"

பார்த்தேன். இடிந்த தூண்கள், கவிழ்ந்து கிடக்கும் ஒரு கல் தலை, நடுவில் துருக்கித் தலைப்பாகையும் சிவப்புப் பட்டு அங்கியுமாக இவன். ஹெர்ரிங் மீன் வாங்க வக்கில்லாமல் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பயல் சுல்தான் மாதிரி நிற்கிறான். கீழே எழுத்து: 'ரெய்னியர், தன்னைத் தானே வரைந்தது.'

"வசதியா இருக்கான். வசந்தத்துல வந்துருவான். அந்தத் துணி வெளுக்கிறவனுக்கு இல்லன்னு சொல்லிரு."

துணி வெளுக்கிறவன் கில்லிஸ், பெண்டாட்டியை இழந்தவன். தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டான். இன்று மத்தியானம் பதில் சொல்லாவிட்டால் இனி கேட்பதில்லை என்றும் சொல்லியிருந்தான்.

சரி, இல்லை என்றே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழகிப்போன பதில். அப்போதுதான் புருவத் தழும்பைக் கவனித்தேன். உறைந்த கால்வாயில் நாங்கள் இரண்டு பேரும் உருண்டு விழுந்தபோது என் சறுக்குச் செருப்பின் இரும்பு கிழித்த தழும்பு, அவனுடைய இடது புருவத்தில். படத்திலும் இடது புருவத்திலேயே இருந்தது.

ஓவியன் மகளுக்கு இது போதும். தன்னை வரைகிறவன் கண்ணாடியைப் பார்த்து வரைகிறான், இடது வலதாகிவிடும். பட்டறையில் ரெய்னியர் தன்னை வரைந்த படங்களிலெல்லாம் தழும்பு வலது பக்கம்தான் விழுந்தது. இதை வரைந்த ஆள் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் மற்றதும் தெரிந்தது. தாடியில் நரை, வீங்கிய கண்ணிமை, வெடித்த உதடு. ரெய்னியர் தன் முகத்தில் இதையெல்லாம் ஒப்புக்கொள்ளவே மாட்டான். யாரோ ஆசையாக, பொறுமையாக அவனைப் பார்த்திருக்கிறாள். 'பார்த்திருக்கிறாள்' என்றுதான் எனக்குப் பட்டது.

"அத்தை, இது அவன் வரைஞ்சதில்ல."

அவள் பெட்டியின் வைக்கோலை வாரிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் புருவத்தத் தச்சதே நான்தானே. அவன் தன்ன வரைஞ்சா அது எந்தப் பக்கம் விழும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வருவான்னு சொன்னீங்க?"

"இல்லன்னா நீயும் போயிருவியே. அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே. நான் கதவருகே போனதும் கேட்டாள்:

"அவ... அவன நல்லாப் பாத்துக்கிறா, இல்ல?"

"நல்லாத்தான் பாத்துக்கிறா," என்றேன். அவன் வேறொருத்தியோடு இருப்பதுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை என்பதுதான் வலித்தது.

கில்லிஸ் வெளுப்புக் களத்தில், வெள்ளை ஏற்றுவதற்காக மோர்த்தொட்டியில் துணியை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பதில் சொல்ல வந்தியா?"

"மொதல்ல என் மூஞ்சியப் பாரு. என்ன தெரியுது?"

பைத்தியமா என்று கேட்பான் என நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, அவசரமில்லாமல் பார்த்தான்.

"காலைலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல," என்றான்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கும்வரை அவன் பதிலைக் கேட்கவில்லை.