மஞ்சள் கட்டம்

கேமரா கடைக்குள் கைப்பையில் பல்லோடு நுழைந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரர் மெகாபிக்சல் பற்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்தியிருந்த பட்டையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க, பீங்கான்தான். நான் பல் செய்யறவ."

அவள் வேலை அதுதான். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் கட்டிக் கொடுக்கும் கூடத்தில், பக்கத்துப் பல்லோடு புதுப்பல் ஒத்துப்போக வெள்ளை சேர்ப்பவள். ஊருக்கு வெள்ளை ஒன்றுதான். அவளுக்கோ பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, காலமெல்லாம் தேநீர் குடித்தவரின் வெள்ளை என்று உறவுக்காரக் கூட்டம் போல அது விரிந்துகொண்டே போகும். கைபேசியில் எடுக்கும் படம் எல்லார் பல்லுக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுகிறது என்பது அவளுடைய நெடுநாள் வருத்தம். மாடிப்படி வெளிச்சம், கொடியில் காயும் சட்டை, கெண்டி மூக்கில் ஆவி, இப்படி அன்றாடம் கண்ணில் படுவதை உள்ளது உள்ளபடி எடுக்க, கைக்கு எட்டும் விலையில் ஒரு கேமரா போதும் என்றாள்.

புதியவை எல்லாம் எட்டாக்கனி. கடைக்காரர் பழைய கேமராக்கள் கிடந்த தட்டை இழுத்தார். அவள் ஒவ்வொன்றாலும் பல் பட்டையைப் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்று பற்களுக்கு நீலம் ஏற்றியது. ஒன்று வெண்ணெய் தடவியது. ஒன்றைத் தூக்கினாலே மணிக்கட்டு வலித்தது. தட்டின் மூலையில் வெள்ளி நிறத்தில் ஒன்று மிச்சம் இருந்தது. ஓரம் நசுங்கியிருந்தது, வார் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் தூக்கத்தில் எழுப்பிய ஆள் கொட்டாவி விடுவதுபோல லென்ஸ் மெல்ல வெளியே வந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு பல்லும் தன் சொந்த வெள்ளையோடு நின்றது.

"இதுதான்," என்றாள்.

கடைக்காரர் அதை விற்க அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. யாரோ வேண்டாத சாமான்களோடு பெட்டியில் போட்டு விற்றுவிட்டுப் போனது, மெமரி கார்டில் இருந்த படங்களைக்கூட அவரே அழித்தாராம். வாங்கிப்போன இரண்டு மூன்று பேர், முகத்தைத் தேடும் மஞ்சள் கட்டம் கண்ட இடத்தில் நிற்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். அவள் காதில் அது ஏறவில்லை. பல் விஷயத்தில் பொய் சொல்லாத கேமரா வேறு எதில் பொய் சொல்லிவிடப் போகிறது?

மாடிப்படி, சட்டை, கெண்டி என்று சொன்னதெல்லாம் நிஜம்தான். ஆனால் அவள் மனசில் முதல் படமாக இருந்தது வேறு. வீட்டில் ஒரு சிறுமி. கணவனின் மூத்த தாரத்து மகள். அவளுடைய அம்மா இறந்தபிறகுதான் இவள் அந்த வீட்டுக்கு வந்தாள். அப்பனும் மகளும் எலும்பும் தோலுமாக இருந்த வீட்டில் சமையல் வாசனை திரும்பியது, துணிகள் மடிந்தன, மற்றபடி எதுவும் நடக்கவில்லை. சிறுமி முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை. இவளை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அம்மா வேண்டாம், சித்தி என்றுகூட இல்லை. தாகம் எடுத்தால் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து, "தண்ணி வேணும்" என்பாள். இவள் முகத்தை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. யாரும் முறை சொல்லிக் கூப்பிடாத வீட்டில் ஒருத்தி இருப்பது வாடகைக்கு இருப்பதுபோல்தான். அந்தப் பெண் தன்னைப் பார்த்தபடி நிற்கும் படம் ஒன்று கிடைத்தால் போதும் என்று இவள் நினைத்திருந்தாள்.

சாயங்காலம் கணவன் வேலை முடிந்து வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன், கிரீஸ் வாசனை அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். "என்ன மேஸ்திரி, பல்லு கட்டினது போதாதுன்னு படம் வேற எடுக்கப் போறியா?" என்று கேலி பேசிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தான். அவள் கேமராவை அவன் பக்கம் திருப்பினாள். மஞ்சள் கட்டம் அவன் முகத்தைப் பிடித்தது. கட்டத்துக்கு அடியில் ஒரு பெயர் முளைத்தது. அப்பா.

பழைய கேமராக்களில் அப்படி ஒரு வசதி உண்டு என்று அவளுக்குத் தெரியும். முகத்தைக் காட்டிப் பெயரைப் பதிந்து வைத்தால், அடுத்தமுறை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். எவரோ ஒருவரின் அப்பா இவனைப்போல் சப்பை மூக்கோடு இருந்திருக்கிறார் என்று சிரித்தபடியே, தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்த சிறுமியிடம் கேமராவைக் கொண்டுபோனாள். கட்டம் அந்தச் சின்ன முகத்தைக் கவ்வியது. வாண்டு.

அவள் கேமராவைத் தாழ்த்தினாள். அது சிறுமியின் செல்லப்பெயர், இந்த வீட்டு வாசலைத் தாண்டாத பெயர்.

கணவன் எழுந்து வந்து கேமராவை வாங்கினான். நசுங்கிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான். அது மூத்தவளுடையது. அவள் போனபிறகு, அவள் கை பட்ட எதுவும் கண்ணில் படக்கூடாது என்று சாமான்களைப் பெட்டியில் அள்ளிப்போட்டு, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பாராமல் தள்ளிவிட்டிருந்தான். பழுதான கதவைத் திறந்து போட்டு வைக்காதே, எவனாவது உள்ளே கால் வைப்பான் என்பது லிஃப்ட்காரர்களின் பாலபாடம். அதை வீட்டிலும் செய்தான். எப்போதும் படமெடுப்பவள் அவளேதான், அதனால் எந்தப் படத்திலும் அவள் இல்லை. கல்யாணப் படம் முதலாக இருந்த ஒன்றிரண்டும் அந்தப் பெட்டியோடு போயின. பெட்டி போய் வெகுநாள் கழித்துத்தான் அவனுக்கே அது உறைத்தது. மகளுக்கு அம்மா முகம் காட்ட வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"இதுல இருக்கும்," என்றாள் இவள். பெயர்களுக்குள் போய்ப் பார்த்தாள். கேமராவின் சொந்த நினைவில் அம்மா என்ற பெயருக்கு எதிரே தபால்தலை அளவில் மூன்று முகங்கள் இருந்தன. ஒன்று சிரித்தது. ஒன்று பக்கவாட்டில் எதையோ பார்த்தது. மூன்றாவது, தலை குளித்து ஈரக் கூந்தலைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தது. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாகச் சாய்ந்திருந்ததைத் தொழில் பழக்கத்தில் இவள் கண் முதலில் பார்த்தது. கணவன் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாண்டு மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு கேமராவை இரண்டு கையாலும் தூக்கி, இவள் பக்கம் திருப்பினாள்.

திரையில் என்ன வந்தது என்று சிறுமியின் குரல்தான் சொன்னது. கடைப்பலகையைப் படிப்பதுபோல, எழுத்துக்கூட்டி. "அம்மா."

இவளுக்கும் அந்த மூன்று முகங்களுக்கும் சாயலில் ஏணி வைத்தாலும் எட்டாது. கணவன், பழைய கேமராதானே, கிறுக்குப் பிடித்திருக்கும் என்றான். ஆனால் இவள் உடம்பு சிலிர்த்தது பயத்தால் மட்டும் அல்ல. படம் எடுத்து முடித்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த முகத்தையும் அம்மாவோடு சேர்த்துக்கொள்ளட்டுமா? ஆம், இல்லை. வாண்டு கேமராவை நீட்டினாள். இவள் ஆம் என்று அழுத்தினாள்.

அன்றுமுதல் சிறுமி இவளோடு பேச ஆரம்பித்தாள், ஆனால் கேமரா வழியாக மட்டும். திரையைப் பார்த்தபடி, "அம்மா, ஜன்னல்கிட்ட நில்லு" என்பாள். "அம்மா, முட்டையைக் கரண்டில தூக்கிக் காட்டு" என்பாள். கேமராவைக் கீழே வைத்தால் பழையபடி குளிர்சாதனப் பெட்டியிடம் தண்ணீர் கேட்பாள். இவள் அதற்கும் சம்மதித்தாள். பசித்தவளுக்குத் தட்டு எந்தக் கடையில் வாங்கியது என்ற ஆராய்ச்சி எதற்கு?

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த அன்றுதான் அது கண்ணில் பட்டது. முட்டையும் கரண்டியும் சரியாக இருந்தன. சுவரின் அழுக்கு வெள்ளை அப்படியே இருந்தது. இவள் சிரிப்பில் மட்டும் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு ஓடினாள். நாக்கால் தடவினாள். பல் நேராகத்தான் இருந்தது.

பெயர்களுக்குள் போய்ப் பார்த்தாள். அம்மாவுக்கு எதிரே இப்போதும் மூன்று முகங்கள்தான் இருந்தன. மூன்றுக்குமேல் அதில் இடமில்லை. சிரித்த முகம் இருந்த இடத்தில் இவள் முகம் இருந்தது. இவள் ஆம் என்று சொன்னதற்கு அதுதான் பொருள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி வந்தபோது வாண்டு இவள் மடியில் உட்கார்ந்திருந்தாள், முதல்முறையாக. திரையில் இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, அதன் கழுத்தைத் தொட முயன்றதுபோல் இவள் கழுத்தைத் தொட்டாள். அந்தச் சூட்டில் இவள் இரண்டாவது முறையும் ஆம் என்று அழுத்திவிட்டாள். பக்கவாட்டில் பார்த்த முகம் போயிற்று.

மறுநாள் கூடத்தில், யாரும் பார்க்காத நேரம், தன் வாய்க்கே அச்சு எடுத்தாள். சாந்து ஊற்றிக் காயவிட்டு உடைத்து எடுத்தாள். முன்பல் சாய்ந்திருந்தது. மயிரிழைதான். வேறு எவருக்கும் தெரியாது. அன்று ராத்திரி சாப்பிடும்போது கணவன் எதற்கோ சிரித்த இவளையே ஒரு கணம் பார்த்தான், பிறகு தட்டோடு எழுந்துபோனான்.

கேமராவைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுவிடலாமா என்று யோசித்தாள். போட்டால் ஈரக் கூந்தல் முகமும் போகும், வாண்டுவின் அம்மா என்ற சொல்லும் போகும். வைத்துக்கொண்டால் கேள்வி ஒருநாள் மறுபடி வரும்.

அது ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து கணவன் போயிருந்தான். சமையலறைச் சுவரில் வெயில் விரித்த துணிபோல் கிடந்தது. வாண்டு இவளைச் சுவரோரம் நிறுத்தி, கேமராவைத் தூக்கினாள். மஞ்சள் கட்டம், பெயர், படம் எடுத்த சத்தம். பிறகு சிறுமியின் கட்டைவிரல் பொத்தான்மேல் தயங்கி நின்றது.

"கேக்குது. ஆமான்னு போடவா?"

ஆம் என்றால் இந்தப் பெண் தன்னை ஆயுசுக்கும் அம்மா என்பாள். யாரை அம்மா என்கிறாள் என்பதுதான் அப்புறம் யாருக்கும் தெரியாது, இவளுக்கும்கூட. அந்தக் கடைசி முகம் போனால் போவது ஒருத்தி அல்ல, இரண்டு பேர். இவள் நாக்கு தானாக முன்பல்லைத் தேடிற்று.

"வேண்டாம் கண்ணு. இல்லைன்னு போடு," என்றாள். "போட்டா அம்மாவோட கடைசிப் படம் அழிஞ்சிடும். நான் அவங்க இல்ல."

சொல்லிவிட்டாள். கிடைத்த அம்மா முறையும் போயிற்று என்று தோன்றியது. வாண்டு கட்டைவிரலை இல்லைக்கு நகர்த்தினாள். பொத்தான் ஒலித்தது. இவள் முகத்தில் இதுவரை ஒட்டியிருந்த ஏதோ ஒன்று, உலர்ந்த பசை உரிவதுபோலக் கழன்றது. நாக்கின் நுனியில் பல் நேராக நின்றது.

ஆனால் சிறுமி கேமராவைக் கீழே வைக்கவில்லை. அவள் கண்கள் திரைக்குள் எதையோ தொடர்ந்து போயின, ஜன்னலுக்கு, அடுப்பு மேடைக்கு, அங்கிருந்து மெல்ல இவள் பக்கத்துக்கு. கண்ணாடிக் கதவுபோட்ட அலமாரியில் அந்தத் திரையின் மங்கலான பிம்பம் இவளுக்கும் தெரிந்தது. மஞ்சள் கட்டம் இவள் முகத்தில் இல்லை. இவள் தோளுக்கு அருகே, வெயில் மட்டும் கிடந்த வெறுஞ்சுவர்மேல், இவளைவிடக் கொஞ்சம் உயரமான ஒருத்தியின் முகம் இருக்கும் இடத்தில் அசையாமல் நின்றது.

வாண்டுவின் முகம் முழுக்க மலர்ந்தது. அவள் கேமராவைத் தாழ்த்தி, இவள் இந்த வீட்டுக்கு வந்த நாளாக முதல்முறையாக, இவளை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சித்தி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள். "அம்மா மறையறாங்க."

இவள் தள்ளி நின்றாள். ஈரக் கூந்தலின் குளிர்ச்சி தோளை உரசிக்கொண்டு போயிற்று.