தக்காளிப் பாத்தி

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து குளித்து, ஈரத் தலையோடு அவன் தக்காளிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். உள்ளே அக்கா வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஆளாளுக்கு, “கடைசியா என்ன சாப்பிட்டாரு?” என்றே கேட்டார்கள்.

வறுத்த மீன் சாப்பிட்டார். தனியாகச் சாப்பிட்டார். அதுதான் அவனைக் குடைந்தது.

மூன்று வருஷமாக அவன் வீகன். கறி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், தேன்கூட ஆகாது. “மாடு திங்கறதெல்லாம் திங்கறான், மாட்டுப் பால் மட்டும் துரைக்கு ஆகாதாம்!” என்று அப்பா கிண்டலடித்தார். அவனுக்கு வீம்பு ஏறியது. வீட்டுக்குப் பின்னால் தக்காளியும் கத்தரியும் போட்டான். சாணிகூடச் சேர்க்கவில்லை, காய்கறித் தோலும் காய்ந்த இலையும்தான் உரம். முதல் வருஷம் நோஞ்சானாக நின்ற செடிகள் அடுத்த வருஷம் காய்த்துத் தள்ளின. அப்புறம் அவன் வாயைக் கட்ட முடியுமா?

“பாத்தீங்களாப்பா? ஒரு உயிரைத் தொடாம எப்படிக் காய்க்குதுன்னு!”

நாற்பது வருஷம் ஏணியில் நின்று கண்டவர் வீட்டுக்கெல்லாம் வயரிங் செய்த மனுஷன், வாயிலிருந்து முள்ளை எடுத்தபடி, “ஆமாண்டா, காய்க்குது,” என்பார்.

நேற்று மத்தியானம் அப்பா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “இன்னிக்கு ஒரு நாள் இப்படி உக்காருடா. உன் தட்டுல நீ சாப்பிடு, என் தட்டுல நான் சாப்பிடறேன். ஒட்டிக்காது.”

“அந்த நாத்தம் எனக்கு ஆகாதுப்பா. தெரிஞ்சே கேக்கறீங்க.”

தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் படிக்கு வந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில் அக்கா கத்தினாள். அவன் ஓடிப் பார்த்தபோது அப்பாவின் தலை மேஜைமேல் சாய்ந்திருந்தது. அடப் பாவி, பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

தோட்டத்துப் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தான். மீன்காரம்மா, கையில் மூடிபோட்ட வாளியோடு.

“அப்பா இல்லையா தம்பி?”

“நேத்து தவறிட்டாரும்மா.”

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, போன வாரம்கூட நல்லாத்தானே பேசிட்டிருந்தாரு!”

அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

“அதுல என்னம்மா?”

அவள் தயங்கினாள். “மீன் கழிவு தம்பி. தலை, குடல். வாரா வாரம் நீ வேலைக்குப் போனப்புறம் வாங்கி இந்தச் செடிக்கெல்லாம் அடியில புதைப்பாரு. ரெண்டு வருஷமா.”

அவன் செடிகளைத் திரும்பிப் பார்த்தான்.

“உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு. செடி காய்க்கலேன்னா புள்ள மனசு விட்டுடுவான், பெருமையா இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்னாரு.”

அவனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ரெண்டு வருஷம் ஏமாற்றியிருக்கிறார்! உள்ளே போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று திரும்பியவன், இரண்டடி வைத்து நின்றான்.

“நான் வரேன் தம்பி,” என்றாள் மீன்காரம்மா.

“இருங்கம்மா.”

வாளியை வாங்கி மூடியைத் திறந்தான். நாற்றம் குப்பென்று அடித்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை.

“எவ்வளவு ஆழம் தோண்டுவாரு?”

அவள் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்.