பின்சுவரில் ஒரு ஜன்னல்

நோர்வூட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பத்து வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் லயத்தில் கேத்ரினுடையது ஏழாவது வீடு. முன்னால் ஒரு கதவு. அதை விட்டால் காற்று வர வேறு வழியில்லை. விறகடுப்புப் புகை ஒற்றை அறையைச் சுற்றிச் சுற்றி வந்து கூரைத் தகரத்தில் கரியாகப் படியும். பதினொரு வயது மகள் ஏஞ்சலாவுக்கு இழுப்பு. மாதத்தில் இரண்டு தடவையாவது பிள்ளையை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"புள்ளைய புகையில வச்சிருக்காதீங்க" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். கேத்ரின் தலையாட்டிவிட்டு வருவாள். ஒரு ஜன்னல் வைக்க அனுமதி கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்கு அவள் ஏழு வருஷத்தில் மூன்று கடிதம் கொடுத்திருந்தாள். பதில் வரவில்லை.

அந்த வருஷம் ஹட்டனிலிருந்து ஓர் உதவி அமைப்பின் சார்பில் கௌசி என்ற இளம்பெண் வந்தாள். வாசலில் உட்கார்ந்து விவரமெல்லாம் கேட்டுப் பதிந்துகொண்டாள்.

"ஆறு மாசத்துக்கு மாசாமாசம் உங்க பேங்க் புத்தகத்துக்குக் காசு வரும்க்கா. உங்க பேர்லயே."

"அதுக்கு நாங்க என்னா செய்யணும் மிஸ்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"எதுக்குச் செலவழிக்கணும்?"

"அது உங்க இஷ்டம்."

கேத்ரின் நம்பவில்லை. அதுவரை அவளுக்கு யாரும் எதையும் அப்படிக் கொடுத்ததில்லை. ஒரு பை அரிசி தந்தாலும் வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டுதான் தந்தார்கள். ஆனால் மாதம் பிறந்ததும் காசு வந்தது.

முதல் மாதம் அரிசி, பருப்பு, ஏஞ்சலா பள்ளிக்குப் போட்டுப் போகச் சப்பாத்து, இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து என்று போய்விட்டது. இரண்டாம் மாதம் அவள் செய்த காரியத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டாக்கையாவின் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்து, தரை கழுவி வந்தவள், போவதை நிறுத்தினாள். கண்டாக்கு என்றால் மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் மேலே இருக்கிற அதிகாரி. அவர் மனம் போல் தருவதுதான் அதற்குக் கூலி.

காலைப் பெரட்டில், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடத்தில், அவர் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுப் பக்கம் காணோமே?"

"இனி வரல்லீங்க ஐயா. மாதா கோயில் பூசைக்குப் போறேன்."

"காசு வந்துருச்சுன்னு ஆட்டம் போடாத."

கேத்ரின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் மாதக் காசில் ஹட்டனுக்குப் போய் ஒரு ஜன்னல் வாங்கினாள். மரச்சட்டம், இரண்டு கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்தது. பஸ்ஸில் அதை மடியில் சாய்த்துப் பிடித்தபடி வந்தாள். நாலாவது வீட்டு வீரய்யா கொத்தனார் வேலை தெரிந்தவர். அவரிடம் போய் நின்றாள்.

"தோட்டத்துல கேட்டியாம்மா?"

"ஏழு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மாமா."

 வீரய்யா உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பின்சுவரைத் திறந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர். இடித்து முடிக்கச் சாயந்தரமானது. கடைசிக் கல் வெளியே விழுந்ததும் வீட்டுக்குள் வந்த வெளிச்சத்தில், எதிர்ச்சுவர் இத்தனை கறுப்பாக இருந்ததா என்று கேத்ரினுக்கே வெட்கமாகப் போனது. ஏஞ்சலா தலையை வெளியே நீட்டித் தேயிலை மலையைப் பார்த்தாள். வீரய்யா சட்டத்தைப் பொருத்த வரும் வரை, உள்ளே கூப்பிட்டாலும் வரவில்லை.

மறுநாள் பின்னேரம், கணவன் றொனால்ட் தேயிலை பெக்டரியில் வேலையில் இருந்த நேரம், கண்டாக்கு இரண்டு ஆட்களோடு வந்தார். அவர்கள் தோளில் சீமெந்து மூட்டையும் கல்லும் இருந்தன.

"யாரைக் கேட்டு சொவரை ஒடைச்ச? லயம் கம்பெனிச் சொத்துன்னு தெரியாதா?"

"தெரியுங்க ஐயா."

"அப்ப அடைக்கச் சொல்லிட்டாங்க. தள்ளு."

கேத்ரின் உள்ளே போய் ஜன்னல் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.  

"அடைங்க. ஆனா இந்த வீட்டுக்குக் காத்து வரக் கூடாதுன்னு தோட்டத்துத் தொரைகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. கையெழுத்தோட. அதை நான் டாக்டரு கையில குடுக்கணும்."

ஆட்கள் இரண்டு பேரும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களும் அதே மாதிரி லயத்தில் இருக்கிறவர்கள்தான்.

"நாளையிலருந்து ஒனக்குப் பேர் கெடையாது" என்று சொல்லிவிட்டு, சுவரை அடைக்காமலே இறங்கிப் போனார் கண்டாக்கு.

பேர் இல்லை என்றால் வேலை இல்லை. கூலியும் இல்லை.

றொனால்ட் வந்து விஷயத்தைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வரி மன்னிப்புன்னு எழுதிக் குடுத்துரு கேத்ரின். நாளைக்கு என்னையும் நிப்பாட்டுவாங்க."

"போன வருஷம்னா அங்கேயே கால்ல விழுந்திருப்பேங்க. அடுப்புல ஒல வைக்க ஒண்ணுமில்லாத நேரம் அது. இப்ப அரிசி இருக்கு. எத்தனை நாளைக்கு வேலை குடுக்காம இருக்காங்கன்னு நானும் பாக்குறேன்."

மறுநாள் காலை எல்லாருக்கும் முந்திப் பெரட்டுக்குப் போய்க் கூடையோடு நின்றாள். பேர் கூப்பிடவில்லை. கடைசிப் பெண் மலையேறும் வரை நின்றுவிட்டுத்தான் வீடு திரும்பினாள். வரவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. இப்படி எட்டு நாள். மூன்று நாள் மழையில் நனைந்தாள். அந்த வாரத்தில்தான் நாலாம் மாதக் காசும் வந்து சேர்ந்தது.

மழைக்குக் கொழுந்து மளமளவென்று விளைந்து கிடந்தது. எட்டாம் நாள் கண்டாக்கு ஒரு தாளை நீட்டினார்.

"தொரை மன்னிக்கிறேன்னு சொல்லிட்டாரு. இதுல கையெழுத்தப் போட்டுட்டு வேலைக்குப் போ."

"என்னா எழுதியிருக்கு ஐயா?"

"லயத்தைச் சேதப்படுத்திட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு."

"நான் சேதப்படுத்தல்லியே. நல்லாத்தானே ஆக்கியிருக்கேன்."

அப்போதுதான் பெக்டரியில் இரவு வேலை முடிந்த றொனால்ட், அடுப்புச் சாம்பல் படிந்த சட்டையோடு அந்த வழியாக வந்தான். கண்டாக்கு அவனைக் கூப்பிட்டார்.

"ஒன் பொண்டாட்டிக்கு நீயாவது புத்தி சொல்லு."

றொனால்ட் தாளை வாங்கிப் பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"அவ போட மாட்டாளுங்க ஐயா. சொவரைத் தொறந்ததுலருந்து எம்புள்ள இருமாம தூங்குது. நானும் போடச் சொல்ல மாட்டேன்."

கேத்ரின் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவன் இப்படிச் சொல்வான் என்று அவளே நம்பியிருக்க மாட்டாள்.

பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. ஆனால் பெண்கள் யாரும் மலைக்கு நகரவில்லை. எட்டாவது வீட்டு ஜீவராணி கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவள் வைத்தாள். பிறகு வரிசை முழுதும் கூடைகள் தரைக்கு வந்தன.

"என்னா, போகல்லியா?"

"இன்னும் ஒரு பேர் பாக்கி இருக்குங்க ஐயா" என்றாள் ஜீவராணி.

கண்டாக்கு மலையைப் பார்த்தார். ஒரு நாள் தாமதித்தால் முற்றிப்போகும் கொழுந்து. தாளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் "கேத்ரின்" என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் காசு நின்றது. மறுபடியும் செலவு கையைக் கடித்தது. சில இரவுகளில் வெறும் ரொட்டிதான். ஏஞ்சலாவின் இழுப்பும் முழுதாக விடவில்லை. ஆனால் அந்த மாரி முழுக்க ஒரே ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண்டாக்கு இரண்டு தடவை ஆள் விட்டும், கேத்ரின் அவர் வீட்டு வேலைக்குப் போகவில்லை.

தை பிறந்த பிறகு ஜீவராணி தன் பின்சுவரைத் திறந்தாள். அடுத்து ஒன்பதாவது வீடு. மூன்றாவதாக, லயத்துக் கடைசி வீட்டுச் சுவரை வீரய்யா ஏணி போட்டு இடித்துக்கொண்டிருந்த பகல் வேளையில் கண்டாக்கு கீழே பாதையில் வந்து நின்றார்.

"வீரய்யா, இதுக்கு யாரு அனுமதி குடுத்தது?"

வீரய்யா உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்லு விழுதுங்க ஐயா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."